படத்துக்கு வைத்த தட்டு

அத்தியாயம் 11

போன வாரம் சிட்டுவின் அம்மாவைப் பள்ளிக்கூட அலுவலகத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒட்டிய மாவு காய்ந்து பொருக்காகிவிட்டது. வீட்டில் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வேறு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து நிமிஷ அக்கா என்று சொன்னால்தான் அவளைப் பலருக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்தே நிமிடத்தில் செய்யக்கூடிய காலை உணவு, மாலை நேரத்துக் கொறிப்பு, இனிப்பு என்று வாரத்துக்கு மூன்று வீடியோ போடுகிறாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே பெண் சிட்டு, ஐந்து வயது.

நாளைக் காலை ஒரு பதிப்பகத்தார் வீட்டுக்கு வருகிறார்கள். அவளுடைய முதல் புத்தகம் தயார். பெயர், 'பிள்ளை கேட்டுச் சாப்பிடும் காலை உணவு'. சிட்டு சிரித்துக்கொண்டே பான்கேக்கைக் கடிக்கிற மாதிரி அட்டைப்படம். அந்தப் படத்துக்காக இன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"உங்க பொண்ணு இன்னொரு பிள்ளையோட தொண்டைக்குள்ள விரலை விட்டுட்டா. உடனே கிளம்பி வாங்க."

வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தாள். என் பெண் அப்படிப்பட்டவள் இல்லை, அந்தப் பிள்ளைதான் முதலில் ஏதாவது சீண்டியிருக்கும். எல்லா அம்மாக்களும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிற பதில்தான்.

வகுப்பு டீச்சர் வந்தாள். சின்ன வயதுப் பெண். கையில் சிட்டுவின் டிபன் டப்பா.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல மேடம். வாந்தி எடுத்துச்சு, அவ்வளவுதான். அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்காம் இப்படிப் பண்ணா?"

"இவ டப்பாவுல இருந்து அது ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிச்சு."

"ஒரு துண்டுக்கா? பகிர்ந்து சாப்பிடணும்னு நான் எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கேன்."

டீச்சர் தலையை ஆட்டினாள். "குடுக்க மாட்டேன்னு பண்ணல மேடம். 'துப்பு, துப்பு, செத்துப்போயிடுவே'ன்னு அழுதுக்கிட்டே விரலை விட்டா. நாங்க ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சு இழுக்க வேண்டியதாப் போச்சு."

தயார் செய்து வைத்திருந்த பதிலுக்கு இனி வேலை இல்லை.

டீச்சர் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். காலையில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிய ரொட்டி, விசிறி மாதிரி விரித்த ஆப்பிள், நடுவில் ஒரு முட்டை முயல். ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு விடுகிற இடைவேளையில் சாப்பிடுவதற்கென்று அவள் கொடுத்தனுப்புகிற காலைச் சாப்பாடு அது. காலை வெளிச்சம் சமையலறை ஜன்னலில் ஒரு மணி நேரம்தான் நன்றாக இருக்கும் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தை அவள் கேமராவுக்குக் கொடுத்துவிடுவாள். மகளுக்கு ஒரு டம்ளர் பாலும் இந்த டப்பாவும்.

"இன்னைக்கு மட்டும்தானே சாப்பிடல?"

"அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டப்பாவை அப்படியே குப்பைக்கூடையில கொட்டிட்டு, கழுவித் துடைச்சுப் பையில வச்சுக்கறாளாம். ஆயாம்மா இன்னைக்குத்தான் வாயைத் திறந்தாங்க. மூணு மாசமா நடக்குதாம்."

"மூணு மாசமா?"

"நாங்களும் சாப்பிட்டு முடிச்சிட்டான்னுதான் நினைச்சோம். நேரத்தோட கழுவி வைக்கிற பிள்ளைன்னு பாராட்டினேன் வேற."

அவளும் பாராட்டியிருக்கிறாள். தினமும் மதியம் பளபளவென்று காலியாக வரும் டப்பாவைப் பார்த்து, இன்றும் என் சமையல் ஜெயித்துவிட்டது என்று வீடியோவில் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை.

"பசிக்காதா இவளுக்கு? மயக்கம் வராதா?"

"நானும் கேட்டேன். அத்தை கடையில சாப்பிட்டுட்டேன்னா. நீங்க பண்ண ஏற்பாடுன்னு நினைச்சேன்."

"எந்த அத்தை?"

டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "எதிர்ல தையல் கடை வச்சிருக்காங்களே. தினமும் காலையில இவளோட அப்பா அங்கதானே விட்டுட்டுப் போறார்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய் எதிர்க் கடையைப் பார்த்தாள்.

கம்பெனியில் கையெழுத்து நேரத்தை மாற்றிவிட்டார்கள், இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்ப வேண்டும் என்று கணவன் சொல்ல ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பாவம் மனுஷன், வேலைப் பளு என்று அவள் காபியைச் சீக்கிரம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு வகுப்பில் மூலையில் உட்கார்ந்து வட்டம் வட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, அழாமல், ரகசியம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அவ செத்துட்டாளாம்மா?"

"இல்லடா. வீட்டுக்குப் போயிட்டா. நல்லா இருக்கா."

"முழுசாத் துப்பிட்டாளா?"

"துப்பிட்டா."

குழந்தையின் தோள் இரண்டும் இறங்கின. ஐந்து வயதுக் குழந்தை அப்படிப் பெருமூச்சு விட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து மகளின் முகத்தைத் திருப்பினாள்.

"தின்னா செத்துப்போயிடுவேன்னு யாருடா உனக்குச் சொன்னா?"

"நீதான்."

"நானா?"

"தினமும் சொல்லுவியே. 'கை வைக்காதே, இது படத்துக்கு வச்சது, தின்னா செத்துப்போயிடுவே'ன்னு."

சொல்லியிருக்கிறாள். இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

இங்கே கொஞ்சம் தொழில் ரகசியத்தை உடைத்துத்தான் ஆக வேண்டும். பான்கேக்கின்மேல் நிஜத் தேனை ஊற்றினால் விளக்குச் சூட்டில் உள்ளே இறங்கிவிடும். படத்தில் ஈரத் துணி மாதிரி தெரியும். அதனால் மெஷின் எண்ணெய் ஊற்றுவார்கள். அது இறங்காமல் மேலேயே மினுமினுத்துக்கொண்டு நிற்கும். ஓட்ஸ் கிண்ணத்தில் பால் ஊற்றினால் எல்லாம் மூழ்கிப்போகும்; வெள்ளைப் பசை என்றால் பழத்துண்டு வைத்த இடத்திலேயே மிதக்கும். கேக்கின்மேல் குவிந்திருக்கும் கிரீம், அப்பா முகச் சவரத்துக்கு வைத்திருக்கும் நுரை. படம் எடுத்து முடிந்ததும் அத்தனையும் குப்பைக்கு. அந்த வீட்டில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

குழந்தை கை நீட்டும்போதெல்லாம் பதறிப்போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வாள். சொன்னால்தானே பயப்படும். பயந்தது. ஆனால் எது எண்ணெய், எது தேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? டப்பாவையும்தான் அம்மா அழகாக அடுக்கி, விளக்கைத் திருப்பி வைத்து, படம் எடுத்துவிட்டு மூடுகிறாள். படம் எடுத்ததைத் தின்றால் செத்துப்போவோம். சிட்டு போட்ட கணக்கு அவ்வளவுதான், அதில் ஒரு பிழையும் இல்லை.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், நடக்க நடக்கக் கோபம் முன்னால் வந்துகொண்டிருந்தது. தையல் கடைக்காரி அவள் நாத்தனார், கணவனுக்கு அக்கா. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு விருந்தில் உறவுக்காரர்கள் நடுவில், "பிள்ளைக்கு ஊட்டற நேரத்துல தட்டுக்குச் சிங்காரம் பண்ணிக்கிட்டிருக்கா" என்று நாத்தனார் சொல்லப்போக, "இனிமே எங்க வீட்டு வாசப்படியை மிதிக்காதீங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். சொன்னதைச் சொன்னபடி நிறைவேற்றினாள், இன்றுவரை மிதிக்கவில்லை.

கடைக்குள் நாத்தனார் ஒரு கால்சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் இரண்டு குண்டூசி. நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சிட்டு உரிமையோடு உள்ளே போய், பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து நிறம் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாள் பழக்கம் இருந்தால் இப்படி உட்கார முடியும்.

"எம் பொண்ணுக்கு எனக்குத் தெரியாம சோறு போட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"உன் புருஷனைக் கேளு."

"உங்களைத்தான் கேக்கறேன் அண்ணி."

இரண்டு வருடம் கழித்து அந்த 'அண்ணி' வாய் தவறித்தான் வந்தது. நாத்தனாரின் கால் மிதிகட்டையில் நின்றது. குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"ஒரு நாள் காலையில தம்பி இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தான். பள்ளிக்கூட வாசல்ல மயங்கி விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு எழுப்பி உக்கார வச்சு, என்னடி சாப்பிட்டேன்னா பேச மாட்டேங்கறா. டப்பாவைத் திறந்தா கையால கண்ணை மூடிக்கறா. மெதுவா, மெதுவா அஞ்சாறு நாள் கேட்டப்புறம்தான் விஷயம் வந்துச்சு."

"என்ன விஷயம்?"

"நீ படத்துக்கு வச்ச தட்டுல ஒரு தடவை விரலை விட்டு நக்கியிருக்கா. தேன்னு நினைச்சு."

"எப்போ?"

"நீ போன் பேசப் போன நேரத்துல. ஒரு விரல்தான். கசந்துச்சாம், உடனே துடைச்சிட்டாளாம். ஆனா நீ சொன்னது மனசுல இருக்கே. சரி, நாம செத்துடப் போறோம்னு முடிவு பண்ணிட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா அம்மா அழுவாங்கன்னு சொல்லலையாம்."

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்குச் சாயந்திரம் கலர் பென்சிலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டாளாமே. யானை பொம்மையையும். தான் போனப்புறம் அதுங்களை யாரு பாத்துக்குவாங்கன்னு. சாகலைன்னதும், உடனே துடைச்சதாலதான் பொழைச்சோம்னு நினைச்சுக்கிட்டா."

அவளுக்கு நினைவு வந்தது. நன்றாகவே வந்தது. சிட்டு கதவருகே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்; பக்கத்து வீட்டுக்காரி வந்து நன்றி சொன்னாள்; என் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று இவள் பூரித்துப்போய், அதைச் சொல்லியே ஒரு வீடியோவை ஆரம்பித்தாள். பரிசாகப் புதுப் பென்சில் டப்பா கூட வாங்கிக் கொடுத்தாள். அந்த டப்பாவை சிட்டு ஒரு வாரம் பிரிக்கவே இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தால் தேவலை என்று இருந்தது. வரவில்லை.

"நீங்களாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே அண்ணி."

"ரெண்டு தடவை பண்ணேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்கே."

அதை அவள் மறந்தே போயிருந்தாள். எந்தக் கோபத்தில் அப்படிச் செய்தோம் என்பதுகூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை.

நாத்தனார் ஜெயித்த முகம் காட்டவில்லை. கால்சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "நானும் பெரிய யோக்கியம் இல்ல. பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். வீம்பு. காலையில இவ வந்து உக்காந்தா எனக்கும் நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்."

சிட்டு பிரித்த பொத்தான்களை டப்பாவில் போட ஆரம்பித்தாள். பிறகு, நூற்று அறுபது காலை உணவுகளை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவள் கேட்டாள்.

"அவளுக்கு என்ன குடுப்பீங்க?"

"என்ன பெருசா. ரொட்டியைப் பால்ல ஊறப் போட்டு, வாழைப்பழத்தை அவளையே நசுக்கச் சொல்லுவேன். பாக்கச் சகிக்காது. எடுத்த எடுப்புல சாப்பிட மாட்டா. நேரம் எடுத்துக்குவா. நீ அவசரப்படுத்தாதே."

வீட்டுக்கு வந்தால் அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஜன்னல் ஓரத்து மேஜைமேல் இரண்டு விளக்குகளும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் ஐந்தடுக்குப் பான்கேக். உச்சியிலிருந்து பொன்னிறமாக வழிந்த எண்ணெய், இத்தனை நேரம் ஆகியும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

சிட்டு அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நடந்து உள்ளறைக்குப் போனாள். தினமும் அப்படித்தான் போவாள். இன்றைக்குத்தான் அது அம்மாவின் கண்ணில் பட்டது.

கணவன் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அக்கா போனில் சொல்லியிருக்க வேண்டும். வாசலிலேயே தயங்கி நின்றான்.

"மூணு மாசம்," என்றாள் அவள். "எம் பொண்ணு மயங்கி விழுந்தது எனக்குத் தெரியாது. என்னங்க நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து அந்தப் புத்தகக்காரங்க உன்னைக் கூப்பிட்டாங்க. நீ வீடு முழுக்கத் துள்ளிக்கிட்டிருந்தே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த நாளும் அப்படியே போச்சு."

"அப்படியே தொண்ணூறு நாளா?"

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"அந்த எண்ணெய் டின் யாரு கொண்டு வந்தது?"

"நான்தான்."

லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் சுத்தமான எண்ணெய். பார்க்கத் தேன் மாதிரியே இருக்கும் என்று அவன்தான் முதன்முதலில் ஒரு சின்ன டின்னில் கொண்டு வந்து பெருமையாகக் காட்டினான். அன்று இருவரும் சேர்ந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது முதல் டின். போன மாசம் ரெண்டாவது டின் கொண்டு வந்தீங்களே. அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ கேட்டே," என்றான். சொன்ன பிறகு அது அவனுக்கே எப்படிக் கேட்டதோ, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

கத்தலாம் என்று பார்த்தாள். எந்த வாயை வைத்துக் கத்துவது. அவன் தொண்ணூறு நாள் சொல்லவில்லை, சரி. தொண்ணூறு நாள் அவள் பார்க்கவில்லையே. இரண்டில் எது பெரிது என்று தராசு பிடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மேஜைமேல் போன் அதிர்ந்தது. பதிப்பகத்திலிருந்து செய்தி.

'நாளை சரியாக ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறோம். பாப்பாவுக்குக் காலையில் எதுவும் கொடுக்க வேண்டாம். பசியோடு இருந்தால்தான் கடிப்பது இயல்பாக வரும்.'

இரண்டு தடவை படித்தாள். அவன் எட்டிப் பார்த்து, "என்ன சொல்லப் போறே?" என்று கேட்டான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். விளக்கு இரண்டையும் அணைத்தாள். பான்கேக் தட்டைத் தட்டோடு தூக்கிக் குப்பையில் போட்டாள்.

பிறகு இரண்டு துண்டு ரொட்டியை எடுத்துக் கல்லில் போட்டாள். கவனம் எங்கோ இருந்ததில் ஒரு பக்கம் கருகிவிட்டது. வெண்ணெய் தடவினாள். கோணல் மாணலாகக் கிழித்து, காய்கறி நறுக்கும்போது தோல் போடுகிற பழைய தட்டில் வைத்து, உள்ளறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிஷ அக்காவின் பெயரைக் கெடுக்க அந்த ஒரு தட்டு போதும்.

சிட்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து தட்டை நடுவில் வைத்தாள்.

"பசிக்குதாடா?"

சிட்டு தலையாட்டினாள். ரொட்டியைப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கைகளையும் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் எதுவும் இருக்கிறதா என்றுகூட எட்டிப் பார்த்தாள்.

"நீ முதல்ல தின்னு."

அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். நாக்கில் கரிதான் தட்டியது. விழுங்கினாள். சிட்டு முட்டிபோட்டு நகர்ந்து வந்து, முகத்துக்கு வெகு அருகில் நின்று கேட்டாள்.

"கசக்குதா?"

"இல்ல."

"வயிறு வலிக்குதா?"

"இல்லடா. ஒண்ணும் பண்ணல. நீ சாப்பிடு."

"இப்போ இல்ல. கொஞ்ச நேரம் ஆகணும்."

"எதுக்கு?"

"அத்தையும் முதல்ல ரெண்டு வாய் தின்னுட்டு உக்காந்திருப்பாங்க. அவங்க சாகலைன்னு பாத்துட்டுத்தான் நான் சாப்பிடுவேன்."

அறை வாசலில் நின்ற கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் இது தெரியாது போல.

சிட்டு பழைய இடத்துக்குப் போய், கால்களைக் கட்டிக்கொண்டு, தாயின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தாள். தட்டில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வெண்ணெய் உறைய ஆரம்பித்தது. பசித்த குழந்தை ஒரு தடவை எச்சில் விழுங்கிற்று, ஆனாலும் கையை நீட்டவில்லை.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாகாமல் இருந்து காட்டுவதைத் தவிர, அந்த நேரத்தில் மகளுக்காக அவளால் செய்ய முடிந்தது வேறு எதுவும் இல்லை.